காணொளியில் கற்பது எப்படி? – வாசகர் கேள்வி–பதில்

காணொளி வழியாகக் கற்பது பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பும்படி முன்னர் கேட்டிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்தே மிகுதியான கடிதங்கள் வந்தன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடை எழுதுகிறேன். பலரும் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: மகனும் மருமகளும் சென்னையில் வேலை பார்ப்பதால், இரண்டரை வயதுப் பேரன் எங்களிடம் வளர்கிறான். செல்போனில் பார்த்துப் பார்த்து ஆங்கில எழுத்துகள், நிறங்கள், விலங்குகளின் பெயர்கள் எல்லாவற்றையும் கடகடவென்று சொல்கிறான். ஆனால் "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போகிறான். கற்றுக்கொள்கிறான் என்று மகிழ்வதா, கவலைப்படுவதா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் பின்பாதியில் இருக்கும் செய்தியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எழுத்துகளையும் நிறங்களையும் ஒப்பிப்பது நல்ல நினைவாற்றலுக்கு அடையாளம், அதில் ஐயமில்லை. ஆனால் பேச்சு என்பது எதிரில் இருப்பவர் கேட்டதற்கு மறுமொழி சொல்வது, வேண்டியதை வாய் திறந்து கேட்பது, காக்கை பறந்தால் விரல் நீட்டி நமக்கும் காட்டுவது. இந்த வயதில் இவை வந்திருக்க வேண்டும். கேள்விக்கு மறுமொழி இல்லை என்றும், வேண்டிய பொருளுக்குப் பெரியவர் கையைப் பிடித்து இழுக்கிறான் என்றும் நீங்கள் எழுதியிருப்பதால், காலம் தாழ்த்தாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். இதைப் படித்து அஞ்ச வேண்டாம். "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு ஓராண்டைக் கழிப்பதைவிட, ஒன்றுமில்லை என்பதை மருத்துவர் வாயால் கேட்டுக்கொண்டு வருவது மேல். பயிற்சி தேவைப்படுமானால் அதை எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு பயன் கிடைக்கும்.

இனி, காணொளிக்கு வருவோம். 2003-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிசியா குல் குழுவினர், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர் நேரில் அமர்ந்து, பொம்மை காட்டிப் பேசி, படப் புத்தகம் வாசித்தார். மற்றொரு பிரிவுக்கு அதே பேச்சைக் காணொளியாகக் காட்டினார்கள். பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பின் சோதித்தபோது, நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழி ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள்; காணொளி பார்த்த குழந்தைகளோ அந்த மொழியையே கேட்டிராத குழந்தைகளின் நிலையில்தான் இருந்தார்கள். குழந்தையின் பார்வை போகும் பக்கம் தானும் பார்த்து, அது மழலையில் ஏதோ சொன்னால் பேச்சை நிறுத்தி மறுமொழி சொல்ல ஓர் ஆள் வேண்டும். திரையில் அந்த ஆள் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு முதல் நான்கு வயது வரை திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைவாக இருப்பது இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. உறவினரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. ஆகவே பெற்றோர் சென்னையிலிருந்து பேசும்போது பேரன் தாராளமாகப் பார்க்கட்டும். அங்கே மறுமொழி சொல்ல ஆள் இருக்கிறார்.

செல்போனை அவன் கையில் தனியே கொடுக்காமல், பத்து நிமிடம் பார்ப்பதாக இருந்தாலும் அருகில் அமர்ந்து பாருங்கள். திரையில் மாடு வந்தால், நிறுத்திவிட்டுத் தெருவில் நிற்கும் மாட்டைக் காட்டுங்கள். வளவில் வற்றல் காயப்போடும்போது அவனையும் உட்கார வைத்து, கையில் ஒன்றைக் கொடுத்துப் பேசிக்கொண்டே செய்யுங்கள். அவன் அடுப்படிக்கு இழுத்துப் போகும்போது சொம்பை எடுத்து உடனே நீட்டாமல், அவன் கண்ணுக்கு நேரே பிடித்து "தண்ணி" என்று சொல்லி, ஓர் ஒலியாவது வரும் வரை சற்றுப் பொறுங்கள். ஒலி வந்ததும் கொடுத்துவிடுங்கள். அழ விட வேண்டாம்.

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு தமிழ் வழியில் படிக்கிறாள். நல்ல வீடியோ எல்லாம் ஆங்கிலத்திலும் கட்டணத்திலும்தான் இருக்கின்றன என்கிறார்கள். தமிழில் இலவசமாக இல்லையா? மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குத் தமிழ் வாசிப்பே தடுமாற்றமாக இருக்கிறது. அவனுக்கும் ஏதாவது சொல்லுங்கள். (வாசகர், புதுவயல்)

பதில்: இருக்கின்றன ஐயா; மகளின் புத்தகப் பையிலேயே இருக்கின்றன. 2018-இல் தொடங்கிய புதிய பாடத்திட்ட நூல்களில் பாடத்தோடு அச்சிடப்பட்டிருக்கும் கட்டம் கட்டமான கருப்பு வெள்ளைக் குறியீட்டைச் செல்போனில் படம்பிடித்தால், அந்தப் பாடத்துக்குரிய காணொளியோ பயிற்சியோ திறக்கும். தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 முதல் ஒளிபரப்பாகிறது. அதன் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. 2023-இல் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட மணற்கேணி செயலி, பாடங்களைச் சிறு சிறு கருத்துகளாகப் பிரித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் காணொளிகளாகத் தருகிறது. எதற்கும் கட்டணம் இல்லை.

பணம் கட்டும் செயலிகளில் வரைபடங்களும் அசைவுப் படங்களும் இவற்றைவிடப் பளபளப்பாக இருக்கலாம். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது, பாடநூலில் உள்ள அதே சொற்களில் விளக்கம். விசை, முடுக்கம், திசைவேகம் என்று புத்தகம் சொல்வதைக் காணொளியும் அப்படியே சொன்னால்தான் தேர்வுத் தாளில் கேள்வியை அடையாளம் காண்பாள். தமிழில் புரிந்த பிறகு அதே பாடத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை பார்ப்பது மேல்வகுப்புக்கு உதவும். பார்க்கும்போது பாடநூல் விரித்த நிலையில் மடியில் இருக்கட்டும்.

மகனுக்கு ஒரு வழி சொல்கிறேன். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் இருந்தபோது பிரிஜ் கோத்தாரி 1996-இல் தொடங்கி முன்னெடுத்து வரும் முறை இது: தொலைக்காட்சியில் பாட்டு எந்த மொழியில் ஒலிக்கிறதோ அதே மொழியில் பாட்டின் வரிகளைத் திரையின் அடியில் காட்டுவது. தெரிந்த பாட்டு என்பதால் காது முன்னே போகக் கண் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. மகனுக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டுகளை வரிகளோடு வரும் காணொளியாகத் தேடிக் கொடுத்துச் சேர்ந்து பாடுங்கள். யூடியூப் தானாகவே போடும் தமிழ் எழுத்துகளில் பிழை மலிந்திருக்கும். ஆள் அமர்ந்து தட்டச்சு செய்தவற்றையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் எடுத்திருக்கிறேன். பள்ளியில் புரியாத பாடத்தை யூடியூபில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துவிடுகிறேன். பார்க்கும்போது எல்லாம் தெளிவாகப் புரிகிறது. இரண்டு மூன்று முறைகூடப் பார்க்கிறேன். ஆனால் தேர்வில் கணக்கைத் தொடங்கவே தெரியவில்லை. வேகமாகப் பார்ப்பதுதான் காரணமா? (மாணவர், காரைக்குடி)

பதில்: தம்பி, வேகம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. 2021-இல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், இரண்டு மடங்கு வேகம் வரை பார்த்த மாணவர்களுக்கும் இயல்பான வேகத்தில் பார்த்தவர்களுக்கும் மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. அதற்கு மேல் போனபோதுதான் சரிவு தெரிந்தது. உனது இடர் "தெளிவாகப் புரிகிறது" என்று எழுதியிருக்கிறாயே, அதில் இருக்கிறது.

ஒரு பந்தை நேராக மேலே எறிகிறாய் என்று வைத்துக்கொள். கையை விட்டுக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன் மேல் செயல்படும் விசைகள் எவை? காற்றின் தடையை விட்டுவிடு. கீழே உள்ளதைப் படிக்காமல் ஒரு தாளில் பந்தை வரைந்து அம்புக்குறி போடு.

மேல் நோக்கி ஓர் அம்பு போட்டிருந்தால், பெரும்பாலான மாணவர்கள் செய்யும் பிழையைத்தான் நீயும் செய்திருக்கிறாய். எறிந்த கையின் விசை பந்துக்குள் தங்கி, மெல்ல மெல்லத் தேய்ந்து, உச்சியில் தீர்ந்துபோகிறது என்று மனம் நினைக்கிறது. கை விலகிய நொடியில் கையின் விசையும் விலகிவிடுகிறது. மேலே போகும்போதும், உச்சியில் ஒரு கணம் திசைவேகம் சுழியாகும்போதும், இறங்கும்போதும் அதன் மேல் இருப்பது கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை ஒன்றே. முடுக்கம் மூன்று இடத்திலும் நொடிக்கு நொடி 9.8 மீட்டர்தான்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் முனைவர் பட்டம் பெற்ற டெரக் முல்லர் ஆராய்ந்தது இதைத்தான். நியூட்டன் விதிகளைத் தெளிவாக, தங்குதடையின்றி விளக்கும் காணொளியைச் சில மாணவர்களுக்குக் காட்டினார். வேறு சிலருக்கு, ஒரு மாணவர் தவறான கருத்தைச் சொல்ல மற்றவர் கேள்வி கேட்டுக் கேட்டு அதைத் திருத்தும் உரையாடலைக் காட்டினார். முதற்பிரிவினர் எளிதாக இருந்தது, தெளிவாக இருந்தது என்று புகழ்ந்தார்கள். ஆனால் தேர்வில் அவர்கள் பெரிதாக முன்னேறவில்லை. இரண்டாம் பிரிவினர் குழப்பமாக இருந்தது என்று குறைப்பட்டார்கள், முன்னேறியவர்கள் அவர்களே. தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது மனம் தன் பழைய எண்ணத்தை எடுத்துப் பார்ப்பதில்லை. "இது தெரிந்ததுதானே" என்று தலையாட்டிவிட்டு அதையே வைத்துக்கொள்கிறது. தேர்வுக் கூடத்தில் அந்தப் பழைய எண்ணம்தான் முதலில் வந்து நிற்கும்.

மீண்டும் மீண்டும் பார்ப்பது பற்றியும் எழுதியிருந்தாய். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது அவர்களுக்கு நினைவிலிருந்தது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. இரண்டாம் முறை பார்ப்பது அன்று இரவு மனநிறைவைத் தரும். பொதுத் தேர்வோ மாதங்கள் கழித்து வருகிறது.

ஆகவே இப்படிச் செய்து பார். காணொளியில் ஆசிரியர் கணக்கை வாசித்து முடித்ததும் நிறுத்திவிடு. நோட்டில் நீயே தொடங்கு. என்ன கொடுத்திருக்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள், எந்தச் சமன்பாடு என்று எழுது. தவறாகவே இருந்தாலும் விடை வரை போ. பிறகு ஓடவிட்டு, உன் வழி ஆசிரியர் வழியிலிருந்து எந்த வரியில் பிரிந்தது என்று பார்த்து அந்த வரிக்கு எதிரே குறித்து வை. பாடம் முடிந்ததும் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, பார்த்ததை அரைப் பக்கம் நினைவிலிருந்து எழுது. மூன்றாம் நாள் அதே கணக்கை எதையும் பாராமல் போடு. இருபது நிமிடக் காணொளிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். எண்ணிக்கையில் குறைவாகத்தான் பார்க்க முடியும். நாள் ஒன்றுக்கு இரண்டு போதும். காணொளி பார்த்தும் தீராத ஐயத்தைத் தேதியிட்டு எழுதிக்கொண்டு போய்ப் பள்ளி ஆசிரியரிடம் கேள்; எந்த இடத்தில் பிரிந்தது என்று காட்டிக் கேட்கும் மாணவனுக்கு விளக்க எந்த ஆசிரியரும் தயங்க மாட்டார்.

கேள்வி: பாடம் பார்ப்பதாகத் தொடங்கும் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் வேறு எங்கோ போய்விடுகிறார்கள். என்ன செய்வது? (வாசகி, கண்டனூர்)

பதில்: யூடியூப் அமைப்புகளில் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். வேண்டிய பாடங்களை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்து, பார்க்கும் நேரத்தில் இணையத்தை அணைத்துவிடுவது அதைவிட உறுதியான வழி. முப்பது நொடியில் பொது அறிவு சொல்லும் துணுக்குகளைப் படிப்பு என்று கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒன்று மனத்தில் படியும் முன் அடுத்தது அதைத் தள்ளிவிடுகிறது.

கேள்வி: எனக்கு வயது 41. ரவிக்கை வெட்டித் தைப்பதை யூடியூபில் கற்கிறேன். பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியும் மனப்பாடமாகிவிட்டது. துணியில் கத்திரி வைத்தால் கைக்குழி சரியாக வருவதே இல்லை. கண் பார்த்தால் கை செய்யும் என்பார்களே? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: அது கைப்பழக்கம் உள்ளவர்களுக்குச் சொன்னது. 2018-இல் கார்டாஸ், ஓ'பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள், அம்பு எறிவது போன்ற திறன்களைக் காணொளியில் ஒருமுறை பார்த்தவர்களையும் இருபது முறை பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்குத் தம்மால் முடியும் என்ற நம்பிக்கை கூடியது. செய்து பார்த்தபோது திறன் கூடவில்லை. பொருளைச் சற்றே கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த மிகை நம்பிக்கை குறைந்தது என்பதையும் கண்டார்கள். உங்கள் கையில் குறையில்லை அம்மா. பார்க்கும் வேலையையும் செய்யும் வேலையையும் வெவ்வேறு வேளையில் வைத்துக்கொண்டதுதான் குறை.

தரையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டு, அளவு ரவிக்கையை அருகில் வைத்துக்கொண்டு, பிறகு காணொளியைப் போடுங்கள். ஒரு கோடு போட்டுக் காட்டியதும் நிறுத்தி அந்தக் கோட்டை மட்டும் தாளில் போடுங்கள். காணொளியில் இருப்பவர் தம் அளவுக்கு வெட்டுகிறார். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எதிலிருந்து எதைக் கழித்தார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழி பிசகுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். முன்பக்கத்துக் கைக்குழி வளைவு பின்பக்கத்தைவிடச் சற்று உள்வாங்கி இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக மடித்து ஒரே வளைவாக வெட்டிவிட்டால் முன்புறம் மடிப்பு விழும். தோள்பட்டையில் தையலுக்கு விட வேண்டிய துணியை மறந்துவிட்டால் குழி சிறுத்து அக்குளில் பிடிக்கும். தாளில் சரியாக வந்த பிறகு பழைய பருத்திப் புடவையில் வெட்டிக் கைத்தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு புதுத்துணியைத் தொடலாம். வெட்டியதை உங்கள் ஊர்த் தையற்காரர் ஒருவரிடம் எப்போதாவது காட்டி வாருங்கள். எந்தக் காணொளியும் உங்கள் வெட்டைப் பார்த்துச் சொல்லாது.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கிறேன். தொழிலுக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. செய்முறையை வீடியோவாக எடுத்து வைக்கலாம் என்கிறான் அக்காள் மகன். அதைப் பார்த்து ஒருவன் தொழில் கற்க முடியுமா? எப்படி எடுக்க வேண்டும்? (வாசகர், ஆத்தங்குடி)

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது உங்களுடையது. கட்டாயம் எடுங்கள் ஐயா. ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிக் காணொளிகள் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலானவை சுற்றிப்பார்க்க வந்தவர்கள் எடுத்தவை. இசை ஒலிக்க, வண்ணம் ஊற்றுவது நாலு நொடி, கல்லைக் கழற்றுவது நாலு நொடி என்று ஓடிவிடும். பார்ப்பவர் வியப்பார், கற்க மாட்டார்.

கற்பதற்கான காணொளிக்கு முதல் விதி, கேமரா நிற்கும் இடம். எதிரே நின்று எடுத்தால் உங்கள் வலக்கை பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மின்சுற்று ஒன்றைப் பூட்டும் வேலையைச் செய்பவரின் கண் பார்க்கும் கோணத்தில் எடுத்த காணொளியைப் பார்த்தவர்கள், எதிரிலிருந்து எடுத்ததைப் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். உங்கள் தோளுக்குப் பின்னே, சற்று மேலே கேமராவை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணாடியும் சட்டமும் அச்சும் இரு கைகளும் எப்போதும் படத்துக்குள் இருக்கட்டும்.

இரண்டாவது, ஒரு காணொளிக்கு ஒரு வேலை. 2014-இல் பிலிப் குவோ என்ற ஆய்வாளரின் குழு, இணையப் பாடங்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்து, ஆறு நிமிடத்துக்கு உட்பட்டவற்றிலேயே கவனம் முழுதாக நிற்கிறது என்று கண்டது. கண்ணாடியைத் துடைத்துச் சட்டத்தைப் பொருத்துவது ஒன்று. வண்ணக் குழம்பு கரைப்பது ஒன்று. அச்சின் அறைகளில் ஊற்றுவது ஒன்று. அச்சைத் தூக்குவது ஒன்று. உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, மேலே ஈரக்கலவை போட்டு மட்டம் தட்டுவது ஒன்று. தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவதும் கண்ணாடியைப் பிரிப்பதும் ஒன்று. குழம்பின் பதத்தை வாயால் மட்டும் சொன்னால் போதாது. கரண்டியைத் தூக்கிச் சாய்த்து, சரியான பதத்தில் எப்படி வடிகிறது, நீர்த்துவிட்டால் எப்படி ஓடுகிறது, இறுகினால் எப்படிச் சொட்டுகிறது என்று மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள்.

மூன்றாவது, தவறுகளையும் எடுங்கள். அச்சைக் கோணலாகத் தூக்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் புகுந்து கோடு கலைவதை வேண்டுமென்றே ஒரு கல்லில் செய்து காட்டுங்கள். எது கெட்ட கல் என்று தெரியாத பிள்ளைக்கு நல்ல கல் எது என்றும் தெரியாது. செய்யும்போதே உங்கள் வாய்ப்பேச்சில், பட்டறையில் வழங்கும் சொற்களிலேயே சொல்லிக்கொண்டு போங்கள். பின்னணி இசை வேண்டாம். கலவை விகிதத்தை அளவோடு எழுதி இறுதியில் காட்டுங்கள்.

இதைப் பார்த்து ஒருவன் முழுத் தொழிலாளி ஆகிவிடுவானா என்றால், ஆக மாட்டான். ஆனால் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து நிற்பவனுக்குப் பொருள்களின் பெயரும் வரிசையும் தெரிந்திருக்கும். முதல் நாளே கரண்டியை அவன் கையில் கொடுக்கலாம்.

கேள்வி: வங்கியில் ஓய்வு பெற்றவன், வயது 63. வரலாறு முறையாகப் படிக்க ஆசை. இந்த வயதில் காணொளிப் பாடங்களில் சேர முடியுமா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: தடையே இல்லை. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டம் 2003-இல் தொடங்கியது. பொறியியல் மட்டுமின்றி வரலாறு, மெய்யியல், மொழியியல் பாடங்களும் அதில் உண்டு. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017-இல் வந்தது. இரண்டிலும் பாடம் பார்க்கக் கட்டணம் இல்லை; சான்றிதழ்த் தேர்வு எழுதுவோர் மட்டும் கட்டணம் செலுத்த வேண்டும். தமிழிலேயே படிக்க, 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இருக்கின்றன. முதலில் குறைந்த வாரங்களில் முடியும் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வேண்டாவிட்டாலும் வாராந்தரப் பயிற்சிகளை அனுப்பிவிடுங்கள். பாதியில் விட்டுவிடாமல் இருக்க அதுவே பிடிமானம். குடைவரைகள் பற்றிய பாடம் வரும்போது பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி அறிவியல் காணொளிகள் காட்ட எண்ணம். பயன் இருக்குமா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: நிச்சயம் இருக்கும். நம் நாட்டில் கல்விக் காணொளி பெரிய அளவில் சிற்றூர்களுக்குப் போய்ச் சேர்ந்ததே இப்படித்தான். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குப் பாடங்களும் உழவு, உடல்நலம் பற்றிய நிகழ்ச்சிகளும் ஒளிபரப்பாயின. தமிழ்நாடு அவற்றுள் இல்லை. ஊருக்கு ஒரு பெட்டி. எல்லாரும் கூடியிருந்து பார்த்தார்கள். தனித்தனித் திரையில் பார்க்கும் இன்றைய பிள்ளைகளுக்கு, சேர்ந்து பார்த்துச் சேர்ந்து பேசும் வாய்ப்பை நீங்கள் தருகிறீர்கள்.

காட்டப் போகும் காணொளியை முந்தின நாளே பார்த்து, எங்கெங்கே நிறுத்துவது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2013-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 21 நிமிட விரிவுரை ஒன்றை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பின் சிறு தேர்வு வைத்தார்கள். தேர்வு வைக்காத பிரிவோடு ஒப்பிட்டால் மனம் வேறெங்கோ அலைவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடும் பாடம் என்றால், குவளை இறங்கும் முன் நிறுத்துங்கள். அணையுமா, அணையாதா, உடனே அணையுமா, சற்றுப் பொறுத்தா என்று கை தூக்கச் சொல்லிப் பலகையில் எண்ணிக்கையை எழுதுங்கள். பெரிய குவளையாக இருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பிறகு ஓடவிடுங்கள். முடிந்ததும் நூலகத்திலேயே ஒரு மெழுகுவர்த்தியும் இரண்டு அளவுக் குவளைகளும் வைத்துச் செய்து பாருங்கள். திரையில் ஓடும் நேரத்தைவிட நிறுத்திப் பேசும் நேரம் கூடுதலாக இருக்கட்டும். அங்கேயே புத்தக அடுக்கு இருப்பதால், அந்த வாரத்துப் பொருளை ஒட்டிய நூல்கள் இரண்டை எடுத்து மேசையில் வைக்கும்படி நூலகரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காணொளிகளை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு போங்கள்; பிள்ளைகளைக் காக்க வைத்துக்கொண்டு இணையத்தோடு போராட வேண்டியிராது. மடிக்கணினியின் ஒலி பின்வரிசைக்கு எட்டாது. ஒரு சிறு ஒலிபெருக்கி வாங்கிவிடுங்கள்.